ஆனந்தவள்ளி போட்ட கேம்ப்

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர் ஆனந்தவள்ளி. வயது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடம் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து, மூட்டு வலி தாங்காமல் வேலையை விட்டவர். அவர் இருந்தவரை அந்தக் கடையில் சண்டை நடந்து நான் பார்த்ததில்லை. பொங்கலுக்குக் கரும்பு கொடுக்கும் நாளில்கூட இல்லை. யாராவது வரிசையின் நடுவில் நுழைந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எடை போடுவதை நிறுத்திவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். சிறிது நேரத்தில் ஆள் தானாகவே கடைசிக்குப் போய்விடுவார்.

கணவர் செல்லக்கண்ணு பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் பிட்டர். ஊர் ஊராக ஓடும் வண்டிகளைப் பழுது பார்த்தவர், ஆனால் அவற்றில் ஏறியது குறைவு. வருடா வருடம் கிடைத்த இலவச பாஸில் இரண்டே தடவைதான் பயணம் செய்திருக்கிறார். இரண்டும் திருப்பதி. கேட்டால், "வேலை பாத்த எடத்துலயே போயி எப்படிங்க உக்கார்றது" என்பார்.

போன பிப்ரவரியில் அவர் ஓய்வு பெற்றபோது, என்ன பரிசு வேண்டும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் மோதிரம், வெள்ளித் தட்டு, சோபா என்று வாங்கிக்கொண்டு போவது வழக்கம். செல்லக்கண்ணு ஒரு டென்ட் கேட்டார். கடைசி ஒரு வருடமாக அவர் சாப்பாட்டு வேளையில் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம், புருஷனும் பெண்டாட்டியும் வண்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆற்றங்கரையில் டென்ட் அடித்துத் தூங்கும் வீடியோக்கள்தான்.

வீட்டுக்கு வந்து டென்டைக் கூடத்தில் விரித்து வைத்துவிட்டு, "வள்ளி, நாம கேம்ப் போறோம்" என்றார்.

"ரிட்டயர்டு ஆனப்புறமுமா. யாரு டியூட்டி போட்டது?" என்று கேட்டார் ஆனந்தவள்ளி.

அது டியூட்டி இல்லை, சும்மா போவது என்று விளங்கவைக்க செல்லக்கண்ணுவுக்கு ஒரு வாரம் ஆயிற்று. போய் என்ன செய்வது என்று ஆனந்தவள்ளி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றும் செய்யாமல் இருக்க எதற்கு முசிறிக்கும் பச்சைமலைக்கும் போக வேண்டும் என்ற கேள்விக்குக் கடைசி வரை பதில் வரவில்லை. ஆனாலும் அவர் சம்மதித்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று என்னிடம் சொன்னார்.

அடுத்து வண்டி. லால்குடியில் ஒரு பழைய ஆம்னி வேன் விலைக்கு வந்தது. முன்பு அது ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் ஆம்புலன்ஸாக ஓடியது. பக்கவாட்டில் இருந்த சிவப்புக் கூட்டல் குறியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆனால் சாய்ந்த வெயில் படும்போது அது தெளிவாகத் தெரியும். பின்னால் சீட்டே கிடையாது, நீளமான ஒரு பலகை மட்டும். "பாத்தியா, படுக்கறதுக்குன்னே செஞ்ச வண்டி" என்று செல்லக்கண்ணு சந்தோஷப்பட்டார். அதில் யார் யார் படுத்திருப்பார்கள் என்று ஆனந்தவள்ளி கேட்கவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, பாயும் தலையணையும் போட்டார்.

கத்திரி கழிந்து மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. எங்கள் தெருவிலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்ட அவர்களுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது.

செல்லக்கண்ணு இருபத்தைந்துக்கு மேல் ஓட்டவில்லை. எதிரே வருபவர்கள் ஆம்புலன்ஸ் என்று ஒதுங்கி வழி விட்டார்கள். விட்ட வழியில் அவர் மாட்டுவண்டி வேகத்தில் போனார். நம்பர் ஒன் டோல்கேட் சிக்னலில் ஒரு பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அண்ணே, இந்த வேகத்துல போனா உள்ள இருக்கற ஆளு என்ன ஆவாரு?" என்று கவலையோடு கேட்டார். பின்னால் இருந்தது அரிசி, பருப்பு, அடுப்பு, டென்ட்.

மெதுவாகப் போவதில் ஒரு லாபம் இருந்தது. செல்லக்கண்ணு அடிக்கடி வண்டியை ஓரம் கட்டி, "அதோ பாரு, எவ்வளவு அழகா இருக்கு. என்ன தெரியுதுன்னு சொல்லேன்" என்பார். ஆனந்தவள்ளி பார்த்துச் சொல்லுவார். அங்கே ஒரு பனைமரக் கூட்டம், அதற்குக் கீழே ஆடு, பக்கத்தில் ஒருத்தர் குடை பிடித்துக்கொண்டு போனில் பேசுகிறார் என்று. "குடை என்ன கலரு?" என்று இவர் கேட்பார். "கறுப்புதான்." "ஆடு எத்தினி?" இப்படியே வழி முழுக்க. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் தன்னிடம் இவ்வளவு கேட்டதில்லையே என்று ஆனந்தவள்ளிக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. ஆடுகளைக் கூடுதலாக எண்ணிச் சொன்னார்.

முதல் நாள் மண்ணச்சநல்லூரைக்கூடத் தாண்ட முடியவில்லை. பெட்ரோல் பங்கில் நின்றபோது ஆனந்தவள்ளியின் பெரியம்மா மகன் ரெங்கநாதன் பார்த்துவிட்டார். அங்கே அரிசி ஆலை வைத்திருப்பவர். ஆம்புலன்ஸில் அக்காவையும் மாமாவையும் பார்த்தால் யாருக்குத்தான் பதறாது?

"யாருக்கு என்னாச்சுக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா. ஆத்தங்கரையில டென்ட் போட்டுத் தங்கப் போறோம்."

ரெங்கநாதன் தள்ளிப் போய் சென்னையில் இருக்கும் அவர்கள் மகன் அஜித்துக்குப் போன் போட்டார். "ஏம்ப்பா, அப்பா அம்மாவ வச்சிக்க முடியலன்னா எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல? இப்படி ரோட்டுக்கு அனுப்பலாமா?" என்று ஆரம்பித்தவர், அஜித் சொன்ன எதையும் நம்பவில்லை. டென்டில்தான் படுப்பேன் என்று செல்லக்கண்ணு பிடிவாதமாக நின்றதால், ஆலையில் நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தின் நடுவில் டென்டைக் கட்டிக்கொடுத்து, ஒயர் இழுத்து உள்ளே டேபிள் ஃபேனும் வைத்தார். ஆலையில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். காலையில் கிளம்பும்போது இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றைப் பலகை மேல் ஏற்றிவிட்டார்.

வழியில் இன்னொரு ராத்திரியும் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முசிறி போய்ச் சேர்ந்தார்கள். காவிரியில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் மணல். கரையை ஒட்டி வாழைத் தோப்பு. தோப்புக்காரர் முகம்மது கனி, வாழை வியாபாரி, அறுபது வயதிருக்கும். இங்கே தங்கிக்கொள்ளலாமா என்று செல்லக்கண்ணு அவரிடம் கேட்டார்.

"எதுக்கு?"

"கேம்ப்புங்க."

முகம்மது கனி டென்டைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். சாயங்கால வெயில் ஆம்னியின் பக்கவாட்டில் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. "ரொம்ப சந்தோசம். தாராளமாப் போடுங்க. நாலு பேருக்கு நல்லதுதானே" என்றார். டென்ட் அடிக்க முளைக்குச்சி பிடித்துக் கொடுத்தவர் வீட்டுக்குப் போகிற வழியில் டீக்கடையில் மட்டும்தான் சொன்னாராம்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆனந்தவள்ளி பல் துலக்க வெளியே வந்தபோது பதினோரு பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஆதார் ஜெராக்ஸ்.

"என்ன வேணுங்க?"

"கண்ணு கேம்ப்புக்கு வந்திருக்கோம்மா."

"கேம்ப்பா? அதெல்லாம் இங்க இல்லீங்களே."

"ஏன், இன்னிக்கு இல்லியா? நாளைக்கா?"

"எந்த நாளைக்கும் இல்லீங்க. நாங்க சும்மா தங்க வந்திருக்கோம்."

முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் இதை யோசித்துப் பார்த்தார். "சும்மா யாரும் இங்க தங்க மாட்டாங்களேம்மா" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவரைத் தட்டி, "டாக்டர் இன்னும் எந்திரிக்கல போல. அதான் அம்மா அப்படிச் சொல்றாங்க. பேசாம இருங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து செல்லக்கண்ணு அரை டிரவுசரோடு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"டாக்டர் ஐயா, வணக்கம்."

"ஐயையோ, நான் டாக்டர் இல்லீங்க. பிட்டரு."

"அப்ப கண்ணாடி பிட் பண்றவரு" என்று பெரியவர் மற்றவர்களுக்குச் சொன்னார். எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது.

எட்டு மணிக்குள் அறுபது பேர் ஆகிவிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், மொபெட்டில் வந்தார்கள். இவர்கள் சொல்வதை யாரும் மறுக்கவில்லை, ஆனால் யாரும் போகவும் இல்லை. இல்லை என்று சொல்லும் ஆபீஸில் காத்திருந்தால் மத்தியானத்துக்குள் கிடைத்துவிடும் என்பது அவர்கள் அனுபவம். முகம்மது கனி இரண்டு தார் வாழைப்பழமும், யார் வீட்டு விசேஷத்துக்கோ எடுத்த ஷாமியானாவும் கொண்டுவந்து சேர்த்தார். அவரிடம் ஆனந்தவள்ளி விஷயத்தை விளக்கியபோது, அவர் முகம் வாடிப்போயிற்று. "நான் பத்துப் பேருகிட்ட சொல்லிட்டேனே தங்கச்சி" என்றார்.

ஷாமியானா நிழலில் முதலில் யார் என்று சண்டை ஆரம்பித்தது. தான் ஐந்தரைக்கே வந்ததாக ஒருவர் சொன்னார். தான் நேற்றே செருப்பை வைத்துவிட்டுப் போனதாக இன்னொருவர் சொன்னார். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள்.

ஆனந்தவள்ளி அதுவரை நல்ல பெண்மணியாக ஒதுங்கித்தான் நின்றார். ஆனால் வரிசை இல்லாத கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்குத் தெரியாது. ஷாமியானாவுக்கு முன்னால் போய் நின்று, சட்டையைப் பிடித்தவரை அப்படியே பார்த்தார். கை விலகியது. பிறகு செல்லக்கண்ணு ஊர் ஊராக எழுதிவைக்க வாங்கியிருந்த நோட்டிலிருந்து காகிதத்தைக் கிழித்து, நம்பர் போட்டு, வயதானவர்கள் முன்னால், பெண்கள் இந்தப் பக்கம் என்று கால் மணி நேரத்தில் ஆற்று மணலில் எல்லாரையும் ஒரே கோட்டில் நிற்க வைத்தார்.

"வள்ளி, என்ன செய்யறே? டோக்கன் குடுத்துட்டா கேம்ப் இருக்குன்னு ஆயிடுமே" என்றார் செல்லக்கண்ணு பயந்துபோய்.

"சண்டை போட்டுக்காம இருக்கட்டும்ங்க மொதல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

ஒன்பதரைக்கு வார்டு கவுன்சிலர் சுபலட்சுமி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பொன்னாடை. முகத்தில் கோபம். தன் வார்டில் தனக்குத் தெரியாமல் ஒரு கேம்ப் என்றால் யாருக்குத்தான் வராது. ஆனந்தவள்ளி அவரைத் தனியே வாழைத் தோப்புக்குள் அழைத்துப்போய், ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சுபலட்சுமி கேட்டு முடித்துவிட்டு வாழை இலைகளுக்கு நடுவே அந்த வரிசையைப் பார்த்தார்.

"எத்தனை டோக்கன் போயிருக்கு?"

"தொண்ணூத்தி மூணு."

"டாக்டர் மட்டும்தான் இல்ல?"

"ஆமாங்க."

"அட போங்கம்மா. டாக்டர் கெடச்சிருவாங்க. கூட்டம் சேக்கறதுதாங்க கஷ்டம்" என்று சொல்லி போனை எடுத்தார்.

அன்று ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் உண்மையாகவே ஒரு கண் முகாம் நடந்துகொண்டிருந்தது. திருச்சியிலிருந்து வந்த குழு. முறையாக நோட்டீஸ் அடித்து, மைக் கட்டி அறிவித்து, நாற்காலி போட்டிருந்தார்கள். வந்திருந்தது நான்கு பேர், அதில் ஒருவர் மண்டபத்து வாட்ச்மேன். சுபலட்சுமி பேசிய அரை மணி நேரத்தில் அந்த வேன், நான்கு நோயாளிகளோடும் நாற்காலிகளோடும் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. டாக்டர் மும்தாஜ் இறங்கி, நேராக நிற்கும் வரிசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஆச்சரியப்பட்டார். "எங்க முகாமுக்கு நீங்க வரலாம்மா" என்று ஆனந்தவள்ளியிடம் சொன்னார்.

வாழைத் தோப்பில் ஒரு மரத்தில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு முகாம் நடந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசி டோக்கன். எல்லாருக்கும் பார்த்தாயிற்று, நீங்களும் ஒரு மரியாதைக்கு உட்காருங்கள் என்று செல்லக்கண்ணுவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் வேண்டாம் என்று எழுந்தார். முகம்மது கனி தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

மும்தாஜ் அவருடைய வலது கண்ணை மூடி, "அட்டையில என்ன தெரியுதுங்க ஐயா?" என்று கேட்டார்.

"எந்த அட்டை?"

மும்தாஜ் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கண்ணில் புரை முற்றிப்போயிருந்தது. வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வலது கண் பாதி.

"திருச்சியிலேருந்து வண்டிய யாரு ஓட்டிட்டு வந்தது?"

"நான்தான்."

"எப்படி ஓட்டினீங்க?"

"மெதுவா" என்றார் செல்லக்கண்ணு.

ஆனந்தவள்ளி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். பனைமரம் எத்தனை, குடை என்ன கலர், ஆடு எத்தனை என்று மூன்று நாளாகக் கேட்டது எதற்கு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "நான் ஆசையாக் கேக்கறாருன்னுல்ல நெனச்சேன்" என்று என்னிடம் சொல்லும்போதும் அவர் குரல் உயரவில்லை. அங்கேயும் உயரவில்லை. நடுவில் நுழைந்த ஆளைப் பார்ப்பதுபோல் புருஷனைப் பார்த்தார். அவ்வளவுதான். செல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசமா. ஆபரேஷன் பண்ணா ஒரு மாசம் வண்டி ஓட்டக் கூடாதும்பாங்க. வண்டிய வேற வாங்கிட்டேன்."

மும்தாஜ் ஆபரேஷன் பட்டியலில் அவர் பெயரையும் எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் மொத்தம் இருபத்தேழு பேர். அன்று சாயங்காலமே பஸ்ஸில் ஏற்றித் திருச்சிக்குக் கூட்டிப்போய், செவ்வாய்க்கிழமை திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள். சுபலட்சுமி கொண்டுவந்த பொன்னாடையை, இத்தனை பேருக்கு நல்லது செய்தவர் என்று செல்லக்கண்ணுவுக்கே போர்த்தினார். தானும் நோயாளிகளோடு நோயாளியாகப் போகிறாரே என்று பஸ்ஸில் இருந்தவர்கள் நெகிழ்ந்துபோய் ஜன்னல் சீட் கொடுத்தார்கள். மூன்று நாள் வந்த வழியை ஒரு மணி பத்து நிமிடத்தில் திரும்பிப் போனார் அவர்.

துணைக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ஆனந்தவள்ளி நின்றுவிட்டார். வண்டி ஓட்ட ஆள் இல்லை. அஜித்துக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவு. முகம்மது கனியின் மனைவி நசீரா வந்து, "எங்க வீட்டுல வந்து படுங்கக்கா. இங்க தனியா எப்படி இருப்பீங்க?" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

"இருக்கேன்மா. சாப்பாடு வேணா குடுத்தனுப்பு" என்றார் ஆனந்தவள்ளி.

அப்படி ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து அவர் தனியாக ஒரு இரவும் இருந்ததில்லை. கோபமாக இருந்தது, வீட்டுக்குள் போனால் அழுதுவிடுவோமோ என்றும் இருந்தது. ஆனால் அடுத்த நாள் காலை எழுந்து ஆற்றில் இறங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரில் பாதி நேரம் உட்கார்ந்தே குளித்துவிட்டுக் கரையேறியபோது, கோபம் எங்கோ போயிருந்தது. மூட்டு வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. யாருக்கும் காபி போட வேண்டியதில்லை. தனக்கு மட்டும் போட்டுக் குடித்தார். இன்னொரு தடவையும் போட்டுக் குடித்தார்.

பத்து மணிக்குப் பழையபடி கூட்டம். இந்தத் தடவை கையில் ரேஷன் கார்டு. டோக்கன் கொடுத்த அம்மா ரேஷன் கடையில் இருந்தவர் என்று நசீரா யாரிடமோ சொல்லியிருந்தார். பெயர் சேர்க்க வேண்டும், பெயர் நீக்க வேண்டும், கைரேகை விழவில்லை, கார்டு தொலைந்தது. ஆனந்தவள்ளி அன்று முழுக்க ஷாமியானாவில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார். திங்கட்கிழமை இன்னும் அதிகம். ஒருவர் பட்டா கொண்டுவந்தார். ஒரு அம்மா மகளின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். இதெல்லாம் தன் வேலை இல்லை, இங்கே ஆபீஸே இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் யாரும் நகரவில்லை.

மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எழுந்து நின்று, "சாப்பாட்டு நேரம். இனிமே நாளைக்குத்தான்" என்றார். அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல், காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். ஆபீஸ் இல்லை என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை. மூடியிருக்கிறது என்பதை உடனே நம்பினார்கள். அன்று சாயங்காலம் முழுக்க ஆனந்தவள்ளி மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, செல்லக்கண்ணு சொன்ன அந்த ஒன்றும் செய்யாத வேலையைச் செய்து பார்த்தார். பரவாயில்லை என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அஜித் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து, அப்பாவைக் கறுப்புக் கண்ணாடியோடு ஆஸ்பத்திரி பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தான். செல்லக்கண்ணு வந்ததும் டென்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நீலம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அது பச்சை. பிறகு மனைவி பக்கம் வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"முடி எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க பாக்காத நேரத்துல."

அஜித் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினான். "கெளம்பலாம்மா. ஊரே என்னைக் காறித் துப்புது. ரெங்கநாதன் மாமா தெனமும் போன் பண்றாரு."

"வண்டிய யாரு ஓட்டுவா?"

"நான்தான். அப்பா ஒரு மாசத்துக்குத் தொடக்கூடாது."

"அதுக்கப்புறம்?"

அஜித் டென்டின் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"சாவியக் குடு. இங்க மணல் எறங்கற எடத்துல மேடு நல்லா கெட்டியா இருக்கு. ஒரு தடவ எப்படின்னு காட்டு" என்றார் ஆனந்தவள்ளி.

அன்று அவர் முசிறி ஆற்றங்கரையில், முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஒரு மணி நேரம் போய்ப் போய் வந்தார். தோப்பு ஓரத்தில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். இது டிரைவிங் கேம்ப் என்று அவர்களே முடிவு செய்திருப்பார்கள்.

ஆவணியில் ஆனந்தவள்ளி லைசென்ஸ் எடுத்தார். எட்டுப் போடும்போது ஒரு தடவைகூடக் காலை ஊன்றாமல், அதாவது வண்டியை நிறுத்தாமல், போட்டு முடித்ததாக எங்கள் தெருவில் எல்லாரிடமும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே இருவரும் பச்சைமலைக்குப் போனார்கள். அங்கே மூன்று நாளும் மழை. டென்ட் ஒழுகி, வண்டியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்கள். செல்லக்கண்ணு வழி முழுக்க வேகம் வேகம் என்று பயந்துகொண்டே வந்ததாகவும், தான் நாற்பதைத் தாண்டவே இல்லை என்றும் ஆனந்தவள்ளி சொன்னார். நனைந்த டென்டை அவர் எங்கள் மொட்டை மாடியில்தான் காயப் போட்டார், அவர்கள் மாடியில் வெயில் குறைவு.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு. என்ன, டோக்கன் கேட்டு ஒரு மனுசர்கூட வரல" என்றார். பிறகு டென்டின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.